வள்ளத்துக்கு அடியில் ஒரு காது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருள். தெப்பத்தில், சின்னப் பைபர் வள்ளத்தில், கயாக்கில், கனடாவில் ஒருவர் ஜெட் ஸ்கீயில் என்று எல்லோரும் பிஷ் பைண்டர் பூட்டுவதைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். பத்தி முழுவதையும் அதற்கே விட்டுவிட்டேன். தண்ணீருக்குள் இருந்து ஒலியை அனுப்பித் திரும்ப வாங்குகிற பாகத்துக்கு ட்ரான்ஸ்டியூசர் என்று பெயர். கீழே அதைத் 'தலை' என்றே எழுதுகிறேன்.

கோப்பாய் தோட்டக்காரர் ஊர். வாழை, வெங்காயம், புகையிலை பற்றி நீங்கள் சொன்னால் கேட்கலாம். பிஷ் பைண்டரைப் பற்றிச் சொல்ல என்ன உரிமை?
– வாசகர், சுன்னாகம்

கோப்பாயில் இருந்து கைதடிக்குப் போகிற வீதியில் பாலத்தடியில் சைக்கிளை நிறுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர். உப்பாறுதான் எங்களூருக்குக் கிழக்கு வேலி. மாரியில் நிறைந்து வாடைக்காற்றுக்கு அலையடிக்கும். கோடையில் வற்றி, உப்புப் பூத்து, வெடித்த சேறாய்க் கிடக்கும். அந்தத் தண்ணீர் அரியாலைத் தடுப்பணை வழியாக யாழ்ப்பாணக் கடனீரேரியோடு சேர்கிறது. செம்மண்ணில் தண்ணீர் மாறுகிறவரும் உப்பாற்றில் வலை வீசுகிறவரும் ஒரே தேத்தண்ணிக் கடையில் குந்துகிற ஊர் இது.

அந்த உப்பாற்றுக்கே ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். மீன் தெரியுமா, அண்ணை?
– வாசகர், கோப்பாய் தெற்கு

தெரியாது, தம்பி. காசை வைத்திருங்கள்.

காரணத்தையும் சொல்லவேண்டும். தலை ஒலியை அடித்தவுடன், தட்டிய கோயில் மணிபோலக் கொஞ்ச நேரம் தானே அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வு அடங்குமுன் வருகிற எதிரொலி அதற்குக் கேட்காது. அதனால் சின்னக் கருவிகள் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது அரை மீற்றருக்குச் சற்று மேலான தண்ணீர் வேண்டும். முழங்காலளவில் திரை முழுக்கப் பொட்டுப்பொட்டாய் அழுக்குத்தான் காட்டும். இன்னொன்று, ஒலி கீழே கூம்புபோல விரிந்துகொண்டு போகிறது. 20 பாகைக் கூம்பு என்றால், ஒரு மீற்றர் ஆழத்தில் அது பார்க்கிற வட்டத்தின் குறுக்களவு 35 சென்ரிமீற்றர், ஒரு சாப்பாட்டுக் கோப்பையைவிடச் சற்றுப் பெரிது. அதற்குள் மீன் வந்து நிற்கவேண்டும். உங்களுடைய இரண்டு கண்களும் அதைவிட நூறு மடங்கு பரப்பைப் பார்க்கின்றன.

கடனீரேரியும் பல இடங்களில் இரண்டு மீற்றருக்குக் குறைவு. அங்கே இந்தக் கருவியை ஆழம் பார்க்கவும் அடி பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்குள். அங்கே அது நன்றாகவே வேலை செய்யும். பருத்தித்துறைக்கு வடக்கே ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு முழுப் பயன்.

ஒலி போய் வருவதை வைத்து ஆழத்தை எப்படிக் கணக்கிடுகிறது? பரீட்சைக்கு வரக்கூடிய மாதிரிச் சொல்லுங்கோ.
– உயர்தரப் பௌதிகவியல் மாணவி, நீர்வேலி

கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும், பிள்ளை. காற்றில் ஓடுவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். பத்து மீற்றர் ஆழம் என்றால் போக 10, வர 10, மொத்தம் 20 மீற்றர். இருபதை ஆயிரத்தைந்நூறால் பிரித்தால் 0.0133 செக்கன். கருவி இந்த நேரத்தை அளந்து, வேகத்தால் பெருக்கி, இரண்டால் பிரிக்கிறது. இரண்டால் பிரிக்க மறக்கிற பிள்ளைக்குத்தான் பரீட்சையில் புள்ளி போகிறது.

பரீட்சைக்கு வராத ஒன்றையும் சொல்கிறேன். அந்த 1500 நிலையான எண் அல்ல. 30 பாகை சூடான உப்புநீரில் அது 1545 வரைக்கும் ஏறும். மாரிமழைக்குப் பிறகு தண்ணீர் நன்னீராகிற இடங்களில் 1500க்குக் கொஞ்சம் கீழே வரும். கிட்டத்தட்ட நூற்றுக்கு மூன்று வித்தியாசம். பத்து மீற்றரில் 30 சென்ரிமீற்றர். அதனால்தான் கருவியில் உப்புநீர், நன்னீர் என்று தெரிவுசெய்கிற இடம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அப்பா ஒன்று வாங்கினால், அன்றே அதை உப்புநீருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மீனின் உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தானே? தண்ணீருக்குள் தண்ணீர் எப்படித் தெரியும்?
– ஆசிரியர், கோப்பாய்

இதைவிட நல்ல கேள்வி இந்த மாதம் வரவில்லை, சேர். பதில் மீனின் வயிற்றுக்குள் இருக்கிறது. பல மீன்களுக்கு மிதப்பைச் சரிசெய்யக் காற்றுப்பை ஒன்று உண்டு. நீரில் ஓடிவருகிற ஒலி காற்றில் மோதினால் பெரும்பகுதி திரும்பிவிடும். திரையில் தெரிகிறது அந்தக் காற்றுப்பைதான். சதையும் செதிலும் சிறுபங்கே தருகின்றன.

இதைத் தொழிலாக மாற்றியவர்கள் ஜப்பானில் நாகசாகிப் பக்கம் வள்ளங்களுக்கு மின்விளக்குப் பூட்டிக்கொடுத்த புருனோ சகோதரர்கள். குமிழி எழும்புகிற இடத்தில் மீன் இருக்கும் என்று வயதான கடற்றொழிலாளர் ஒருவர் சொன்னதை மூத்தவர் கியோதாகா பிடித்துக்கொண்டார். குமிழி என்றால் காற்று, காற்று என்றால் எதிரொலி. யுத்தத்தில் மிஞ்சிய ஆழமானிகளைத் திருத்தித் திருத்தி, 1948இல் தொழிலுக்கு உதவுகிற முதல் மீன்காண் கருவியைக் கொண்டுவந்தார்கள். வள்ளத்தில் இருந்தவர் சொன்ன ஒரு வசனத்தைக் கடைக்காரர் காதில் போட்டுக்கொண்டதால் வந்த கருவி இது. எங்களூரில் கடற்றொழில் பற்றித் திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை வாசிக்கவேண்டும்.

அப்படியென்றால் காற்றுப்பை இல்லாத மீன்?
– வாசகர், மயிலிட்டி

மங்கலாய்த்தான் தெரியும். அறக்குளா, சூரை, சுறா, திருக்கை எல்லாம் அந்த வகை. சூரையைத் தேடுகிறவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தில் பறவை குவிகிற இடத்தைப் பார்க்கட்டும். சூடை, பாரை, விளைமீனுக்குத் திரை உதவும்.

இறால், நண்டு?
– வாசகர், அரியாலை கிழக்கு

இரண்டும் தெரியாது. அவை இருக்கக்கூடிய சேறும் சாதாளையும் தெரியும். தொழில் தெரிந்தவருக்கு அதுவே போதும்.

என்னிடம் ரெஜிபோம் தெப்பம்தான் இருக்கிறது. தலையை எங்கே பூட்டுவது? நடுவில் ஓட்டை போடலாமா?
– வாசகர், பாசையூர்

ஓட்டை போடாதீர்கள். தெப்பத்துக்கு மேலே வைத்துக் கட்டவும் வேண்டாம். ரெஜிபோம் என்றால் முழுக்கக் காற்றுக் குமிழிகள். ஒலி அதற்குள்ளேயே செத்துப்போகும். தலை தண்ணீரைத் தொடவே வேண்டும்.

ஓர் அங்குல எஸ்லோன் குழாய் ஒன்றை எடுங்கள். தெப்பத்தின் விளிம்பில் இருந்து தண்ணீருக்குள் ஒரு சாண் இறங்குகிற நீளம் காணும். கீழ் நுனியில் தலையைத் துருப்பிடிக்காத இரும்பு ஆணியால் பூட்டி, வயரைக் குழாயின் உள்ளால் மேலே எடுங்கள். மேலே குறுக்குப் பலகையில் இரண்டு கிளாம்பால் பிடிக்கவேண்டும். கிளாம்பை மிகவும் இறுக்கவேண்டாம். கல்லிலோ வலைக் கயிற்றிலோ பட்டால் குழாய் பின்பக்கம் மடிந்து கொடுக்கிற அளவுக்கு விடுங்கள். கரைக்கு வரும்போது குழாயை மேலே தூக்கி மடக்கிவிடலாம். நான் பார்த்த உடைந்த தலைகளில் பெரும்பாலானவை கடலில் உடைந்தவை அல்ல. மணலில் இழுக்கும்போது உடைந்தவை.

எந்தப் பக்கம் வலை ஏற்றுகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் பூட்டுங்கள். இதைக் கருவியோடு வருகிற புத்தகத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தப் புத்தகம் தூண்டில்காரருக்கு எழுதியது, வலைக்காரருக்கு அல்ல.

தலையின் முகம் நேர் கீழே பார்க்கவேண்டும். சரிந்தால் ஆழம் கூடக் காட்டும், அடி மங்கும். நீங்கள் ஏறி உட்காரமுன் மட்டம் பார்த்துப் பயனில்லை. தெப்பம் உங்கள் பாரத்துக்கு ஒரு பக்கம் சரியும். உட்கார்ந்த பிறகு இன்னொருவரைக் கொண்டு பார்ப்பித்து இறுக்குங்கள்.

பைபர் வள்ளம், 18 அடி. வெளியே பூட்டினால் அடிபடும் என்று பயம். உள்ளே ஒட்டினால் வேலை செய்யுமாம், உண்மையா?
– வாசகர், காரைநகர்

உண்மை, ஒரு நிபந்தனையோடு. அடி ஒற்றைப் பைபராய் இருக்கவேண்டும். காரைநகர்க்காரருக்குப் பைபரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நோர்வே உதவியோடு உங்கள் ஊரில் எழுந்த சீநோர் பட்டறையில் பைபர் வள்ளம் கட்டிப் பழகிய கைகள் இன்னும் அங்கே இருக்கும். அவர்களில் ஒருவரிடம் அடியைத் தட்டிக் காட்டுங்கள். இரண்டு பைபர்த் தட்டுக்கு நடுவே நுரையோ பலகையோ இருந்தால் ஒலி கடக்காது. மர வள்ளத்திலும் இதே கதைதான்.

ஒட்டுமுன் சோதியுங்கள். வள்ளத்தைத் தண்ணீரில் விட்டு, பிளாஸ்டிக் பை ஒன்றில் தண்ணீர் நிரப்பி அதை உள் அடியில் வைத்து, அதன்மேல் தலையை அமுக்கிப் பிடியுங்கள். மரக்கோலால் ஆழம் அளந்து திரையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் அந்த இடம் நல்ல இடம். பிறகு அந்த இடத்தை அரத்தாளால் தேய்த்து, துடைத்து, மெதுவாய்க் காய்கிற எப்பொக்சியைக் குமிழி இல்லாமல் கலந்து, தலையைச் சுழற்றிச் சுழற்றி அமுக்கவேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி அகப்பட்டாலும் தலைக்குக் காது அடைத்த மாதிரித்தான். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற பசை வேண்டாம். அது குமிழியோடு இறுகிவிடும்.

உள்ளே ஒட்டினால் தண்ணீரின் வெப்பநிலை சரியாய்த் தெரியாது, ஆழத்திலும் கொஞ்சம் வலு குறையும். பாக்கு விரிகுடாவின் ஆழத்துக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டில்லை.

நான் வெளியேதான் பூட்டப்போகிறேன். பின்பலகையில் எந்தப் பக்கம்?
– வாசகர், வல்வெட்டித்துறை

முன்னோக்கி ஓடும்போது உங்கள் வெளியிணைப்பு எஞ்சினின் காற்றாடி பின்னால் நின்று பார்க்க வலஞ்சுழியாய்ச் சுற்றினால் வலப்பக்கம். அந்தப் பக்கம் இலை கீழ்நோக்கி இறங்குவதால் நுரை குறைவு. காற்றாடியில் இருந்து குறைந்தது ஒன்றேகால் அடி தள்ளி வையுங்கள். தலையின் கீழ்முகம் வள்ள அடியைவிட ஒரு விரல் தடிப்புக் கீழே இருக்கட்டும். அடியில் நீளப்பாட்டுக்கு ஓடுகிற வரம்புகளுக்கு நேர்பின்னால் வேண்டாம். அங்கேயும் நுரை வரும்.

ஆணி துளைத்த ஒவ்வோர் இடத்திலும் சீலன்ற் வையுங்கள். தண்ணீர் புகுந்து பின்பலகைக்குள் இருக்கிற மரம் உக்கினால் எஞ்சினே ஒருநாள் கழன்று விழும்.

எஞ்சினை முடுக்கியவுடன் படம் போய்விடுகிறது. கருவி பழுதா?
– அதே ஊர், வேறு வாசகர்

பழுதில்லை. தலைக்கு அடியில் தண்ணீருக்குப் பதிலாக நுரை ஓடுகிறது. ஒரு துளை கீழே இறக்கிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மெதுவாய் ஓடிப் பாருங்கள். தேடுகிற நேரத்தில் வேகம் எதற்கு?

பற்றரிக்கு என்ன வழி? சிறிய வள்ளத்தில் கார் பற்றரி வைக்க இடமில்லை.
– வாசகர், நாவற்குழி

கார் பற்றரி வேண்டாம். ஐந்து அங்குலத் திரையுள்ள சின்னக் கருவி ஏறக்குறைய அரை அம்பியர் இழுக்கும். கணினிக்கு யூபிஎஸ்ஸில் வருகிற 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி பற்றரி கணக்குப்படி 14 மணி நேரம் தரும். ஆனால் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அது சீக்கிரம் செத்துவிடும். ஆகவே 7 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவுத் தொழிலுக்கு மட்டுமட்டு. இரண்டாவது ஒன்று வைத்திருப்பது நல்லது.

பற்றரியை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, வயர் வெளியே வருகிற துளையை அடையுங்கள். சிவப்புக் கம்பியில், பற்றரிக்கு ஒரு சாணுக்குள், புத்தகத்தில் சொன்ன அளவு பியூஸ் கட்டாயம். சாதாரணச் செப்புக் கம்பி உப்புக்காற்றில் ஒரு வருடத்தில் பச்சையாகிவிடும். ஈயம் பூசிய செப்புக் கம்பி கிடைத்தால் அதை வாங்குங்கள். எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டவேண்டாம். எஞ்சினின் மின்பொறி திரையில் மழைபோலக் கோடு போடும்.

ரோச்லைற் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாய் இருந்த தொண்ணூறுகளை இந்தக் குடாநாட்டில் கடந்தவன் நான். கடைத் தட்டில் பற்றரிகளைப் பார்த்துத் தெரிவுசெய்து வாங்குகிறோம் என்பது இன்றைக்கும் எனக்குச் சின்ன விடயமில்லை. அதை வீணாக்காமல் பராமரியுங்கள்.

இங்கே சிம்கோ ஏரியில் ஜெட் ஸ்கீ ஓட்டுகிறேன். அதில் பிஷ் பைண்டர் பூட்ட முடியுமா, மாமா? அப்பாவின் ஊர் கோப்பாய்.
– வாசகர், ஸ்காபரோ, கனடா

முடியும், மருமகனே. நீங்கள் முதலாமவரும் இல்லை. உங்கள் கியூபெக்கின் சீ-டூ நிறுவனமே 2019 மாதிரியில் கார்மின் திரை பூட்டிய மீன்பிடி ஜெட் ஸ்கீயைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் உங்களிடம் இருப்பதில் நீங்களே பூட்டவேண்டும் என்றால் நான்கு விடயம் கவனியுங்கள்.

ஜெட் ஸ்கீ அடியால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடுகிறது. உறிஞ்சுகிற வாயைச் சுற்றியும் பீய்ச்சுகிற இடத்திலும் நுரை. ஆகவே தலையை உடலின் உள்ளே, பின்பகுதியில், உறிஞ்சு வாய்க்கு ஒரு பக்கமாய்த் தள்ளி ஒட்டுவதே நல்லது. முன்பகுதி வேண்டாம், வேகமெடுத்தவுடன் அது தண்ணீரைவிட்டு எழும்பிவிடும். காரைநகர் வாசகருக்குச் சொன்ன தண்ணீர்ப் பைச் சோதனை உங்களுக்கும் பொருந்தும். இரண்டாவது, புதிய சில ஜெட் ஸ்கீக்களின் உடல் பொலிப்ரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக். அதில் எப்பொக்சி பிடிக்காது. வாங்கிய இடத்தில் உடல் என்ன பொருள் என்று கேட்டபிறகு பசை வாங்குங்கள். மூன்றாவது, ஜெட் ஸ்கீயின் பற்றரியிலேயே எடுத்தால், நடு ஏரியில் எஞ்சினை நிறுத்தி இரண்டு மணி நேரம் தூண்டில் போட்டபிறகு ஸ்ராட் வராமல் போகலாம். சின்னப் பற்றரியைத் தனியே வையுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். மூடிய உடலுக்குள் பெற்றோல் ஆவி தேங்கும். இருக்கையைக் கழற்றி, நன்றாய்க் காற்றோட விட்டு, பற்றரியின் கம்பியைக் கழற்றியபிறகே உள்ளே கை வையுங்கள். வயர் இணைப்பு எதையும் உள்ளே திறந்தபடி விடவேண்டாம்.

சிம்கோவின் மிக ஆழமான இடம் 41 மீற்றர். கோடையில் சூடான மேல்நீருக்கும் குளிர்ந்த அடிநீருக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று திரையில் விழும். அது அடியல்ல, வெப்பப்படலம். மீன் பல வேளைகளில் அதை ஒட்டியே நிற்கும். கருவி அங்கே நன்னீருக்கு மாறியிருக்கவேண்டும். அப்பாவுக்கு என் வணக்கம்.

திரை நிறைய மீன் படம். வலையில் ஒன்றுமில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், குருநகர்

கடைக்காரரை விடுங்கள். கருவியின் 'மீன் அடையாளம்' என்ற வசதியை முதலில் நிறுத்துங்கள். அது இயங்கினால், குமிழி, மிதக்கிற சாதாளைத் துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாவற்றுக்கும் மீன் படம் போட்டு வைக்கும். நிறுத்தினால் பச்சையான எதிரொலி தெரியும். அதை வாசிக்கப் பழகவேண்டும்.

திரையின் வலது ஓரம் மட்டுமே இப்போது உங்கள் வள்ளத்துக்கு அடியில் இருப்பது. இடப்பக்கம் எல்லாம் நடந்து முடிந்தது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் கூட, நடுவுக்கு வரும்போது தூரம் குறைய, வெளியேறும்போது மறுபடி கூட. அதனால்தான் வில் வடிவம் வருகிறது. வள்ளமும் நிற்க, மீனும் நின்றால் வில் வராது, நீளக் கோடு வரும். நீளக் கோடு பெரிய மீன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெடுநேரம் அடியில் நின்ற மீன் என்றுதான் பொருள்.

மீனைவிட அடியைப் படியுங்கள். அதில்தான் இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு முழுதாய்த் திரும்புகிறது. பார் என்றால் அடிக்கோடு தடித்துப் பளிச்சென்று இருக்கும். ஆழம் குறைவென்றால் இரட்டிப்பு ஆழத்தில் இரண்டாவது கோடு ஒன்றும் விழும், ஒலி அடிக்கும் மேலுக்கும் இரண்டு தரம் போய்வருவதால். சேறு மெல்லிய, மங்கலான கோடு. சாதாளைக் காடு அடிக்கோட்டின்மேல் மயிர் முளைத்த மாதிரி. பாரும் சேறும் சந்திக்கிற விளிம்பைத் திரையில் கண்டால் அதைக் குறித்துவையுங்கள். ஒட்டிக்கும் ஓராவுக்கும் சாதாளை, விளைமீனுக்குப் பார். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பா மரக்கோலை ஊன்றியே ஆழமும் அடியும் சொல்லிவிடுவார். 'உந்தப் பெட்டி எனக்கெதுக்கு?' என்கிறார். யார் சரி?
– வாசகி, மண்டைதீவு

அப்பா சரி. மரக்கோல் எட்டுகிற ஆழம் வரைக்கும் அப்பாவின் கையைவிட நுட்பமான கருவி இன்னும் வரவில்லை. கோல் ஊன்றும்போது சேறு இழுக்கும், மணல் நறுக்கென்று நிற்கும், கல் கையை உதறும். நுனியில் ஒட்டிக்கொண்டு வருகிற சேற்றின் நிறத்தையும் மணத்தையும் அவர் படிப்பார். திரையால் மணக்க முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்டபோது, கிளாலியில் இருந்து இருட்டுக்குள் வள்ளத்தில் போனவர்கள் இதை அறிவார்கள். விளக்கு ஏற்ற முடியாது. தண்ணீரில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று ஓட்டிகளுக்கு உடம்பில் தெரிந்திருந்தது. பிள்ளைகளும் முதியவர்களும் அந்த அறிவை நம்பித்தான் கரை சேர்ந்தார்கள். எல்லோரும் சேரவில்லை, ஆனால் சேராமல் போனதற்குத் தண்ணீர் காரணமல்ல.

பெட்டி வாங்கினால் அப்பாவைப் பக்கத்தில் வைத்துப் பூட்டுங்கள், பிள்ளை. அவர் கோலை ஊன்றி 'கல்' என்று சொல்கிற இடத்தில் திரை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 'சேறு' என்கிற இடத்திலும் பாருங்கள். ஒரு கிழமை அப்படிச் செய்தால், அவருடைய அறுபது வருடத்துக் கடல் உங்களுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் வந்துவிடும். கோல் எட்டாத ஆழத்துக்கு அந்த எழுத்தோடு போகலாம்.

நிலாவரைக் கிணற்றில் ஒருமுறை இறக்கிப் பார்த்தால் என்ன?
– மாணவர், புத்தூர்

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கணக்குப் பாருங்கள். 20 பாகைக் கூம்பு 50 மீற்றர் ஆழத்தில் 17 மீற்றருக்கும் மேல் விரியும். கிணற்றுச் சுண்ணாம்புச் சுவர் அதற்கு முன்னரே குறுக்கே வந்து எதிரொலிக்கும். எது அடி, எது சுவர் என்று திரையால் பிரிக்க முடியாது. நிலாவரையில் மேலே நன்னீர், கீழே போகப்போக உப்பு. அந்த மாற்றம் மெல்லிய கோடாய் விழுந்தால் வியப்பில்லை, அதைக் காண எனக்கும் விருப்பம்தான். பிரதேச சபையிடம் அனுமதி கேட்டு, பள்ளிக்கூடத்தோடு போனால் என்னையும் கூப்பிடுங்கள்.

எங்கள் வாவியில் மீன் பாடும். உங்கள் கருவி அதைக் கேட்குமா?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

கேட்காது. அது தான் அடித்த ஒலியின் எதிரொலிக்கு மட்டுமே காது கொடுக்கும். சாதாரணமாய் 200 கிலோஹேர்ட்ஸ். மனிதக் காது 20க்கு மேல் கேட்காது. உங்கள் வாவியின் பாட்டு எங்கள் காதுக்கு எட்டுகிற கீழ்ச் சுருதியில் இருக்கிறது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ற், இரவில் வள்ளத்தில் இருந்து அதைக் கேட்டுத் தன் நூலில் பதிந்தார். நிலாவில் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைக்கிற உங்கள் பழக்கம் இருக்கிறதே, அதற்கு எந்த நிறுவனமும் இன்னும் ஈடு செய்யவில்லை.

கடலில் மீன் எவ்வளவு என்று ஒலியால் எண்ணினார்களாமே, அது எப்படி?
– வாசகர், பருத்தித்துறை

நோர்வேயின் ஆய்வுக் கப்பல் 'டொக்டர் பிரிட்யோவ் நான்சென்' 1978இல் இருந்து 1980 வரைக்கும் மூன்று முறை இலங்கையைச் சுற்றி ஓடியது. உங்கள் வள்ளத்தில் பூட்டுகிற அதே தத்துவம்தான், அளவு பெரிது. நேர்கோடு நேர்கோடாய் ஓடி, திரும்பி வந்த எதிரொலியின் வலுவையெல்லாம் கூட்டி, நடுநடுவே வலை இறக்கி எந்த மீன் என்று சரிபார்த்துக் கணக்கெடுத்தார்கள். 2018இல் அதே பெயருள்ள புதிய கப்பல் மறுபடி வந்தது. வலை இறக்கிச் சரிபார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அவ்வளவு பெரிய கருவியை வைத்திருந்தவர்களே திரையை மட்டும் நம்பவில்லை.

எல்லோரும் கருவி பூட்டினால் கடலில் மீன் மிஞ்சுமா?
– வாசகர், ஊர்காவற்றுறை

சிறு வள்ளக்காரர் அடி பார்த்து வலை விடுவதால் கடல் வெறுமையாகாது. பாரில் வலை கிழியாமல் தப்பினால், கிழிந்து கடலடியில் கிடந்து வீணாய் மீன் கொல்கிற வலையும் குறையும். அடியையே சுரண்டிக்கொண்டு போகிற இழுவை மடிதான் வெறுமையாக்குகிறது. அதை 2017இல் இலங்கைச் சட்டம் தடைசெய்தது. அந்தச் சட்டம் தாளில் இருப்பதுபோலவே தண்ணீரிலும் இருக்கவேண்டும் என்று வடக்குக் கடற்றொழிலாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களோடு நான் நிற்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் இந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் இழுவை மடி இழுவை மடிதான்.

ஜிபிஎஸ் சேர்ந்த கருவிக்குக் கூடக் காசு கொடுக்கலாமா?
– வாசகர், நெடுந்தீவு

நெடுந்தீவுக்காரர் கட்டாயம் கொடுக்கலாம். 1974 ஒப்பந்தத்தில் கீறிய கோடு உங்கள் கடலில்தான் ஓடுகிறது, தண்ணீரில் அடையாளம் ஏதுமில்லாமல். எஞ்சின் நின்று சோளகம் இழுக்கிற இரவில் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியவேண்டும். வீட்டில் இருந்து போகும்போதே கரையின் புள்ளியைப் பதிந்துவையுங்கள். வலையைக் கிழித்த பாரையும் பதியுங்கள். ஆழத் தரவை மட்டும் வைத்து ஒரு நாளும் இருட்டில் கரை பிடிக்கவேண்டாம்.

கயிற்றில் கட்டி எறிகிற பந்து மாதிரி ஒன்று, போனில் படம் வருகிறது. எப்படி?
– வாசகர், சாவகச்சேரி

கயாக்குக்கும் கரையில் இருந்து தூண்டில் போடுகிறவருக்கும் நல்லது. பூட்டுவேலை இல்லை. ஆனால் போனை உப்புநீரில் இருந்து காப்பது உங்கள் பொறுப்பு.

பூட்டி மூன்று மாதம். படம் மங்கிக்கொண்டு வருகிறது.
– வாசகர், இளவாலை

தலையின் முகத்தைத் தடவிப் பாருங்கள். பாசியும் சிப்பியும் பிடித்திருக்கும். மெல்லிய துணியால், பாத்திரம் கழுவுகிற சோப்பு நீரில் துடையுங்கள். கத்தியால் சுரண்டக்கூடாது. சோப்பு இன்னொன்றும் செய்யும்: உலர்ந்த தலையைத் தண்ணீரில் விட்டவுடன் ஒட்டிக்கொள்கிற சிறு குமிழிகள் ஒட்டாமல் போகும்.

என்ரை மனுசன் ஒரு வருசமாய் இதுக்கெண்டு காசு சேர்க்கிறார். வள்ளத்தில் அவரும் என் தம்பியும்தான் போறவை. வாங்க விடட்டோ?
– வாசகி, குருநகர்

வாங்க விடுங்கோ, தங்கச்சி. ஆனால் அந்தக் காசில் முதலில் எடுக்கவேண்டியது இரண்டு உயிர்காப்பு அங்கி. ஒன்று அவருக்கு, ஒன்று தம்பிக்கு. வள்ளத்தின் அடியில் உருட்டி வைக்கிறதற்கு அல்ல, உடம்பில் போட்டுக்கொண்டு வலை இழுக்கக்கூடிய அளவில், கை அசைய இடமுள்ளதாய்ப் பார்த்து வாங்கவேண்டும். கடைக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே போட்டு, குனிந்து நிமிரச் சொல்லுங்கள். மிஞ்சிய காசுக்கு மற்றது.